ஊழிமுகன் வராத மண்டபம்

மூன்று வருஷமாக ஒரு மனுஷன் ஒரே ஒரு அரக்கனை வரைந்துகொண்டிருந்தால் ஊர் என்ன பேசும்? சொந்த ஊரான விராலிமலையில் குணசேகரனைப் பற்றி எல்லாமே பேசி முடித்துவிட்டார்கள். ஷார்ஜாவில் விளம்பரக் கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்கியவன், அதை உதறிவிட்டு வந்து, திருமயம் கடைவீதியில் சிமெண்ட்டுக் கடைக்கு மேலே ஒரு அறையில் உட்கார்ந்து பூதம் வரைகிறான் என்றால் சும்மா விடுவார்களா? "எவனோ மந்திரிச்சு விட்டுட்டான்ப்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார் அவன் அப்பா. குணசேகரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊழிமுகன் வெளியே வருகிற அன்றைக்கு இவர்கள் வாயெல்லாம் தானாக மூடும் என்று இருந்தான்.

ஊழிமுகன்தான் அந்த அரக்கன். கேமின் பெயர் 'ஏழுமதில்'. மந்திரமும் மாயமும் நடமாடுகிற பழைய காலத்து உலகம் அது. கையில் ஒரு மொண்ணைக் கத்தியோடு முதல் மதிலுக்கு வெளியே நிற்பீர்கள். காடு, மணல்காடு, கடல், பேய் பிடித்த ஊர் என்று ஒவ்வொரு மதிலாகத் தாண்டி, வழியில் வாளும் கேடயமும் மந்திரமும் சேர்த்துக்கொண்டு, ஏழாவது மதிலுக்குள் இருக்கும் கல்மண்டபத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே பீடத்தின் மேல் ஊழிமுகன் உட்கார்ந்திருப்பான். அவன் மூச்சுவிட்டால் பீடத்தைச் சுற்றிச் சூடாக ஆவி கிளம்பும். அவனை வெட்டிச் சாய்த்தால் ஆட்டம் முடிந்தது. நடுவில் செத்தால் சேர்த்ததெல்லாம் போய், மறுபடியும் மொண்ணைக் கத்தி, மறுபடியும் முதல் மதில். இணையத்தில் விளையாடுகிற மற்றவர்களும் அதே வழியில்தான் வருவார்கள், அவர்களோடு பேசிக்கொண்டே போகலாம்.

பணம் போட்டவர் பெரியகருப்பன். திருமயத்துக்குப் பக்கத்து ஊர், வியாபாரம் சென்னையில், மின்சாரச் சாமான்கள் மொத்த விலைக்கு. வாழ்நாளில் ஒரு கேம் ஆடியவர் இல்லை. மகன் ஆடுவதைப் பார்த்து, இதில் இத்தனை ஜனம் கிடந்து உருள்கிறதே என்று வியந்துபோய்ப் பணம் போட்டவர். கோயில் காரியமாக ஊருக்கு வரும்போதெல்லாம் படியேறி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏம்ப்பா, விளையாடுறவன் எதைப்பா பெருசா நினைக்கிறான்?"

பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். "ஜெயிக்கிறதைத்தான். வேறென்ன? மனுஷன் கல்லாவுல உக்காந்தாலும் அதுதான், கம்ப்யூட்டர்ல உக்காந்தாலும் அதுதான்."

"இல்லண்ணே, கண்ணு. கண்ணுக்கு முன்னாடி என்ன வந்து நிக்குதுங்கிறதுதான்" என்பான் குணசேகரன். ஓரத்து மேசையில் இருந்து சுடர்விழி, "போற வழிதாண்ணே" என்பாள், தலையை நிமிர்த்தாமலே. அவள் ஆவுடையார்கோவில்காரி. கேமின் உள்வேலை முழுக்க அவள் எழுதியது. எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதும் அவள்தான். மூன்று பேரும் மூன்று பக்கம் இழுப்பார்கள், காபி வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சித்திரை பிறந்ததும் பெரியகருப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். "சோதனைக்கு வெளியில விடுங்க. ஜனங்களுக்குப் புடிச்சிருந்தா மேக்கொண்டு போடுறேன். இல்லைன்னா ரூமக் காலி பண்ணிட்டு அவங்கவங்க பொழப்பப் பாப்போம். நானும் எத்தனை நாளைக்குத்தான் வீட்ல பதில் சொல்லுறது?"

குணசேகரனுக்கு அதில் பயமே இல்லை. ஊழிமுகன் இருக்கும்போது என்ன பயம்? ஆனால் பாருங்கள், அந்த ஊழிமுகனை அதுவரை அவன் ஒருத்தருக்கும் காட்டியதில்லை. முதலாளிக்கும் இல்லை, கூடவே உட்கார்ந்து வேலை பார்க்கிற சுடர்விழிக்கும் இல்லை. கண்ணு பட்டுவிடும் என்பது ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும் என்கிற ஆசை இன்னொன்று. எப்படி இருப்பான் என்று யார் கேட்டாலும் "பாத்தா ஈரக்குலை நடுங்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். சுடர்விழியிடம், "நீ மண்டபத்த மட்டும் பாத்துக்க. தரை சரியா இருக்கா, கதவு தொறக்குதா, அவ்வளவுதான். அவன நான் பாத்துக்குறேன்" என்று சொல்லியிருந்தான். கடைசி நாள் அவன் வேலையை முடித்துக் கொடுத்தான், அவள் மண்டபத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு 'சரி' போட்டாள், கேம் வெளியே போனது.

சும்மா சொல்லக்கூடாது, ஜனம் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிற இடங்களில் இருந்தெல்லாம் வந்தார்கள். இங்கே மீன்பிடித் தடைக்காலம் வேறு. மீமிசலில் படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டுப் பொழுது போகாமல் கிடந்த இளவட்டங்கள் பாதிப்பேர் மதிலேறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்து சுபஸ்ரீ என்று ஒரு பெண், தான் விளையாடுவதை நேரலையாகக் காட்டிக்கொண்டே விளையாடுகிறவள், எல்லாரையும் முந்திக்கொண்டு ஏழாவது மதிலை எட்டினாள். அவள் கையில் இருந்தது மின்னல்வாள். அந்தக் கேமிலேயே அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. அதற்காக அவள் கடலுக்கடியில் எத்தனை தடவை செத்துப் பிழைத்தாள் என்பதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள்.

அவள் மண்டபத்து வாசலுக்கு வந்தபோது திருமயத்தில் நல்ல உச்சிவெயில். மின்விசிறி அனலைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. குணசேகரனும் சுடர்விழியும் ஒரே ஸ்கிரீனுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். 

"வந்துட்டேன் மக்களே" என்றாள் சுபஸ்ரீ. "உள்ள அவன் இருக்கான். யாரும் கண்ணை மூடாதீங்க."

கதவு திறந்தது. தூண்கள் இரண்டு பக்கமும் இருட்டுக்குள் நீண்டு போயின. அந்தத் தூண்களுக்காகக் குணசேகரன் ஆவுடையார்கோவிலுக்குக் கேமராவும் கையுமாக நடையாய் நடந்திருக்கிறான். கல்லா மரமா என்று அண்ணாந்து பார்த்தவன் குழம்பிப்போகிற அந்தக் கூரையை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தான். கடைசியில் பீடம் இருந்தது. பீடத்தைச் சுற்றி ஆவி மெல்ல எழுந்தது. பீடத்தின் மேல் ஒன்றும் இல்லை.

குணசேகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்கடா அவன்?"

எங்கே போனான் என்று கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. கடைசி நாள் ஊழிமுகனின் நகத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, 'ஊழிமுகன் கடைசி' என்று இருந்த ஃபைலை 'ஊழிமுகன் கடைசியிலும் கடைசி' என்று மாற்றி வைத்தது சாட்சாத் குணசேகரன்தான். கேம் பழைய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, சரி போ என்று அரக்கனை விட்டுவிட்டுப் பீடத்தையும் அவன் மூச்சையும் மட்டும் காட்டிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டான். கோபம் முழுக்கச் சுடர்விழி மேல் திரும்பியது.

"சரி போட்டியேம்மா! பீடத்துல ஆளே இல்ல, எப்படிம்மா சரி போட்ட? கண்ணு தெரியாதா ஒனக்கு?"

சுடர்விழி மலங்க மலங்க விழித்தாள். "ஆளு இருக்கணுமாண்ணே?"

"பின்ன?"

"நீங்கதான் அவன் எப்படி இருப்பான்னு சொல்லவே இல்லையே. போனேன். பீடம் இருந்துச்சு, ஆவி வந்துச்சு. எங்க ஊருல அப்படித்தானண்ணே இருக்கும்? உருவமே இல்லாம வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நல்லா யோசிச்சிருக்காருடான்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு சரி போட்டுட்டேன்."

ஆவுடையார்கோவில் சன்னதியில் ஆவுடை என்கிற பீடம் மட்டும்தான், அதன் மேல் லிங்கம் கிடையாது. எதிரே நந்தி கிடையாது. சுடச்சுடச் சோற்றை வடித்து அங்கிருக்கிற கல்லில் பரப்புவார்கள், அதிலிருந்து எழுகிற ஆவிதான் சாமிக்குப் படையல். பிறந்ததில் இருந்து அதைக் கும்பிட்டு வளர்ந்தவளுக்கு, வெறும் பீடமும் ஆவியும் பார்த்தால் குறையாகவா தெரியும்? வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அந்த நிமிஷமே கூப்பாடு போட்டிருப்பாள். குணசேகரனுக்கு அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்கிரீனில் இருந்து சத்தமே வரவில்லை.

சுபஸ்ரீ வாய் ஓயாமல் பேசுகிறவள். பாம்பு கடித்தாலும் பேசுவாள், மலையில் இருந்து விழும்போதும் பேசிக்கொண்டே விழுவாள். இப்போது பீடத்துக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். ஸ்கிரீன் ஓரத்தில் எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கும் ஜனங்களின் அரட்டையும் நின்றுபோயிருந்தது.

"மக்களே" என்றாள் கடைசியில், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி. "இங்க ஒண்ணும் இல்ல. ஆனா... என்னன்னு தெரியல, எனக்கு என்னமோ பண்ணுது. இதுக்கு முன்னாடி இந்த வாளப் புடிச்சுக்கிட்டு நிக்கவே கூச்சமா இருக்கு."

திரும்பி வாசலுக்கு நடந்தாள். மின்னல்வாளை வாசலுக்கு வெளியே தரையில் வைத்தாள். காலில் இருந்த பறக்கும் பாதணியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். வெறுங்காலோடு உள்ளே வந்து ஒரு தூணோரமாக நின்றாள்.

"கிண்டல் பண்ணுதும்மா அந்தப் பொண்ணு" என்றான் குணசேகரன். மூன்று வருஷ வேலை, எல்லாருக்கும் முன்னால், வெறும் கல்லாகிப்போனதே என்று அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பெரியகருப்பனின் போன் வந்தது. "ஏம்ப்பா, ஊழிமுகன் ஊழிமுகன்னு உசிர விட்ட. என் மகன் போனைக் காட்டுறான், அங்க வெறும் கல்லுதான் கெடக்கு. என்னப்பா இது?"

"ஒரு சின்னத் தப்புண்ணே. சரிபண்ணி ஏத்திடுறேன்."

"சீக்கிரம் பண்ணு. மானம் போகுது."

பெயரை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் சூடு கண்ட பூனை அவன். முழுவதையும் திரும்பத் திரும்பச் சோதித்து, ஊழிமுகன் பீடத்தில் உட்காருகிறானா, எழுந்திருக்கிறானா, பன்னிரண்டு கையும் ஒழுங்காக வீசுகிறதா என்று பார்த்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. இனி ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. அதை அழுத்தினால் மண்டபத்தில் ஊழிமுகன் வந்துவிடுவான்.

"அண்ணே, ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்க உள்ள போயிட்டு வாங்களேன்" என்றாள் சுடர்விழி.

"நான் கட்டின மண்டபத்த நான் போய்ப் பாக்கணுமாக்கும்."

"போங்கண்ணே. சும்மா முறுக்கிக்காதீங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு, நேரே ஏழாவது மதிலுக்குள் போய் இறங்கிவிடலாம். பேர் ஊர் தெரியாத ஒரு போர்வீரனாக இறங்கினான். இறங்கிய இடத்தில் கால் வைக்க வழியில்லை.

மண்டபத்து வாசல் முழுக்க ஆயுதங்கள் கிடந்தன. வாள், வேல், வில், தீக்கக்கும் கோல், பேசும் கேடயம். கல்யாண மண்டப வாசலில் செருப்பு கிடப்பது மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தரையில் வைத்த பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கேமின் சட்டம். அந்தச் சட்டத்தால் ஆறு மதில் நெடுகிலும் அடிதடி, திருட்டு, துரோகம். அண்ணன் தம்பியாக வந்தவர்கள்கூட ஒரு கேடயத்துக்காக வெட்டிக்கொண்டார்கள். இங்கே சுபஸ்ரீயின் மின்னல்வாள் எல்லாவற்றுக்கும் அடியில், நேற்று வைத்த இடத்தில், வைத்தபடி கிடந்தது. குணசேகரன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான்.

"அண்ணே, கத்தியோட உள்ள போகாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. வாசல்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே 'சவரியப்பன் மீமிசல்' என்று பெயர் மிதந்தது. "அங்கிட்டு ஓரமா வச்சிட்டு வாங்க. செருப்பையும்தான்."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லலண்ணே. எல்லாரும் வைக்கிறாங்க, நீங்களும் வைங்க. ரொம்ப ரூல்ஸ் பேசாதீங்க."

தான் கட்டிய வாசலில் தனக்கே உத்தரவு. குணசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கத்தியை வைத்தான், செருப்பைக் கழற்றினான்.

"நீங்க வாசல்ல என்ன பண்றீங்க தம்பி? காவலா?"

"அட, நீங்க வேற. உள்ள நின்னேன், கண்ணு கலங்கிப் போச்சு, வெளிய வந்து உக்காந்துட்டேன். படகு அங்க கரையில கெடக்கு. வீட்ல ஒரே புடுங்கல். இந்தக் கேமுக்கு வந்தா இங்கயும் அத வெட்டு, இத எடு, அவன முந்துன்னு ஒரே அரிப்பு. இங்க வந்து நின்னா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. ஆனா எல்லாம் ஆன மாதிரி இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியலண்ணே, நீங்க போய்ப் பாருங்க."

குணசேகரன் உள்ளே போனான்.

தூண்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். நடுவில் வழியை விட்டுவிட்டு, ஓரமாக ஒதுங்கி, தாங்களாகவே வரிசையாக நின்றார்கள். கொம்பு வைத்தவர்கள், சிறகு வைத்தவர்கள், பாதி மனுஷன் பாதிப் புலி, இரும்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நின்ற ஒரு ராட்சசன். எந்தெந்த நாட்டில் எந்தெந்த அறையில் யார் யாரோ உட்கார்ந்துகொண்டு அங்கே நிற்கிறார்கள். ஒருவர்கூடப் பேசவில்லை. புதிதாக வந்த யாரோ ஒருவர், "இங்க என்ன இருக்கு?" என்று எழுதினார். கொஞ்சநேரம் கழித்து யாரோ, "வந்து நில்லுங்க" என்று எழுதினார்கள். அவ்வளவுதான் பேச்சு.

குணசேகரனும் போய் வரிசையில் நின்றான். எதிரே பீடம், ஆவி. அந்த ஆவி என்ன என்று அவனுக்குத் தெரியாதா? அவன் வரைந்தது. ஒரு சின்னத் துண்டுப் படம், முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஓடும். எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். அந்த இடம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஆவி எழுந்தது. கலைந்தது. எழுந்தது. அந்த இடம் வரவே இல்லை, அல்லது வந்ததை அவன் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது இப்போதுதான் முதல்முறையாக எழுகிற மாதிரி இருந்தது. இந்தக் கல் ஒவ்வொன்றும் நான் வைத்தது, இந்த இருட்டு நான் ஊற்றியது, பிறகு இது என்ன? நான் வைக்காதது ஒன்று இங்கே எப்படி வந்து உட்கார்ந்தது? அவனுக்குப் பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அடுத்த நொடி வேறொரு நினைப்பு வந்தது. இத்தனை பேர் கையிலும் ஒரு குச்சிகூட இல்லை. இப்போது பட்டனை அழுத்தினால் இந்தப் பீடத்தில் ஊழிமுகன் எழுந்திருப்பான். பன்னிரண்டு கையையும் வீசுவான். தப்பிக்கவே முடியாதபடி அவன் வீச்சை அமைத்ததும் குணசேகரன்தானே! வெறுங்காலோடு நிற்கிற இவர்கள் எல்லாரும் ஒரே வீச்சில் சாவார்கள். இந்த இடத்தில் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி நிற்கிறார்கள். அந்த நம்பிக்கையை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் நிற்கிறார்கள்.

அவன் மண்டபத்தை விட்டு வெளியே வந்து, போனை எடுத்து, சென்னைக்குப் பேசினான்.

"அண்ணே, என்னால ஏத்த முடியாது."

"ஏன், கரண்ட் இல்லையா?"

"எல்லாம் இருக்கு. எனக்கு மனசு வரல." நடந்ததைச் சொன்னான். பெரியகருப்பன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இவ்வளவுதானே? நாளைக்கு ஊழிமுகன் வாரான், எல்லாரும் கத்திய எடுத்துக்கிட்டு வாங்கன்னு அறிவிச்சிட்டு ஏத்து."

"கத்தியோட வந்தா அது வேற எடம்ணே. இந்த எடம் போயிரும்."

"குணா, நான் காசு போட்டது சண்டைக்கு. சும்மா நிக்கிறதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா?" அவர் குரல் ஏறியது. "நானே காலையில வாரேன். என் கண்ணு முன்னாடி ஏத்துற. இல்லையா, அன்னைக்கே ரூமக் காலி பண்ணிக்கிட்டுக் கிளம்பு."

சொன்னபடி வந்துவிட்டார். சென்னையில் இருந்து காரிலேயே. படியேறி வரும்போதே முகம் கடுகடு என்று இருந்தது. சிமெண்ட்டுத் தூசி படிந்த ஷூவோடு நேரே உள்ளே வந்து, குணசேகரனின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சுடர்விழி கொடுத்த மோரைத் தொடவில்லை.

"எங்க அந்தப் பட்டன்?"

"இந்தா இருக்குண்ணே. நீங்களே அழுத்துங்க. நான் தடுக்கல" என்றான் குணசேகரன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காத குரல். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"எனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியாதுப்பா."

"நடக்க மட்டும்தாண்ணே செய்யணும். இந்தா, கீபோர்டுல இந்தக் கீய அழுத்துனா நடக்கும்."

பெரியகருப்பன் நடந்தார். சுவரில் முட்டினார், பின்னால் போனார், ஒருவழியாக வாசலுக்கு வந்தார். வந்ததும் நின்றார். முதலில் அவர் பார்த்தது மண்டபத்தை அல்ல, வாசலில் கிடந்ததை. நேற்றைக்கு இன்றைக்குக் குவியல் வளர்ந்திருந்தது.

"இது என்ன, இவ்வளவு சரக்கு வெளிய கெடக்கு?"

"விளையாடுறவங்க வச்சிட்டுப் போனதுண்ணே."

"இத யாரும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்."

"எடுத்து வித்தா காசாகுமா?"

"அந்த வாளு ஒண்ணையே நல்ல வெலை குடுத்து வாங்க வெளிய ஆளு இருக்கு" என்றாள் சுடர்விழி.

"எவனும் எடுக்கலையா?"

"ஒருத்தரும் எடுக்கலண்ணே."

பெரியகருப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைக்கிறவர், பூட்டையும் கேமராவையும் நம்பி ராத்திரி தூங்குகிறவர். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. "அடேயப்பா" என்றார் மெதுவாக.

இன்றைக்கு வாசல்படியில் சவரியப்பன் இல்லை. வேறு யாரோ, ஒரு பெண் குரல், "ஐயா, கத்திய அங்க வச்சிட்டு வாங்க" என்றது. யார் சொல்லியும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷர், "எதை அழுத்தணும்ப்பா?" என்று குணசேகரனிடம் அவசரமாகக் கேட்டு, கத்தியை வைத்தார், பாதணியைக் கழற்றினார், உள்ளே போனார். தூண்கள் நீண்டன. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் வந்ததும் அவர் விரல் தானாகக் கீயை விட்டது.

கீழே யாரோ மூட்டை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். பெரியகருப்பன் ஸ்கிரீனைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு எப்போது போனது என்று குணசேகரனுக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தான். ஒரு காலால் மறுகாலின் ஷூவை மிதித்து மிதித்துக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. கழற்றி முடித்து, பாதங்களைத் தரையில் பதித்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஸ்கிரீனைக் காட்டிக் கேட்டார்.

"இவ்வளவு பேரும் நம்மள நம்பியாப்பா நிக்கிறாங்க?"

"நம்ம இருக்குறதே அவங்களுக்குத் தெரியாதுண்ணே."

பெரியகருப்பன் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மவுஸை விட்டுத் தள்ளி, நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். "குணா, நான் வியாபாரி. இப்ப சரிங்கிறேன். நாளைக்குக் காலையில எனக்கே புத்தி மாறும், வேற எவனாவது வந்து மாத்துவான், ஏத்து ஏத்துன்னு நிப்பேன். என்னைய நம்பாத. இப்பவே ஏதாவது செஞ்சிரு."

அவர் என்ன சொல்கிறார் என்று குணசேகரனுக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஊழிமுகனின் ஃபைலை எடுத்தான். மூன்று வருஷம், பன்னிரண்டு கை, ஒவ்வொரு நகமும், ஒவ்வொரு பல்லும். ஷார்ஜா வேலை, அப்பாவின் பேச்சு எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் கிடந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது, கண்ணு படக்கூடாது என்று இந்த ஒரு இடத்தில்தான் வைத்திருந்தான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ எனக்குக் காட்டிட்டுச் செய்யுங்களேன்" என்றாள் சுடர்விழி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வேணாம்மா. பாத்தா ஒனக்கும் மனசு வராது, எனக்கும் வராது."

நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அவ்வளவு நல்ல அரக்கன் அவன், சத்தியமாக ஈரக்குலையை நடுங்க வைத்திருப்பான். ஆம் என்று அழுத்தினான்.

மண்டபத்துக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் இன்னும் இரண்டு பேர் வாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.